சங்கிலி குமாரனும் நல்லூர்ச் சிங்காதனமும்

அரியாலையிலே பிறந்த எனக்கு நல்லூர் நடந்து போகும் தூரந்தான். சிறு பிராயத்தில் என் தந்தையார் வெள்ளிக்கிழமைதோறும் என்னைக் கந்தசுவாமி கோயிலுக்கு அழைத்துச் செல்வார். போகும் வழியிற் சங்கிலித்தோப்பின் பழைய வாயில் வளைவைக் கண்டதும் அவருடைய நடை தளரும். தோளிற் கிடந்த சால்வையைச் சரிசெய்துகொண்டு, அந்த வளைவுக்கு அப்பால் ஓர் அரண்மனை இருந்தது என்றும், அதிலே சங்கிலி மன்னன் வீற்றிருந்தான் என்றும், பறங்கியர் அவனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள் என்றும் சொல்லுவார். அதற்கு மேல் அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. வீரன் ஒருவன், பகைவன் ஒருவன், காட்டிக்கொடுத்தவன் ஒருவன் என்ற மூன்று உருவங்களே என் உள்ளத்தில் நெடுங்காலம் நின்ற சரித்திரம்.

பின்னர் நானும் ஆசிரியனாகி, அந்தக் கதையையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மாணவர்க்குச் சொல்லி வந்தேன். ஒருமுறை பாடசாலைக் கலைவிழாவுக்காகச் சங்கிலியனைப் பற்றி ஒரு நாடகம் எழுதத் தொடங்கினேன். சங்கிலியனாக நடிக்க இருந்த மாணவன் ஒருநாள் என்னிடம் வந்து, தான் நடிக்கப்போவது உடன்பிறந்தாரைக் கொன்ற சங்கிலியா, கோவாவில் உயிர்விட்ட சங்கிலியா என்று பணிவுடன் வினவினான். இருவரும் ஒருவரே என்றேன். அப்படியானால் அந்த மன்னன் நூறாண்டு அரசாண்டிருக்க வேண்டுமே என்று அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். நான் அவனைக் கடிந்து இருத்திவிட்டேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவன் கணக்கிற் பிழையில்லை. பிழை என்னிடத்திலேயே இருந்தது.

அப்பிழைக்கு ஒரு பழைய மூலமும் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில், 1736-ஆம் ஆண்டளவில், மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். நம்முடைய பழங்கதைகளை அழியாது காத்த நூல் அது. அதற்கு நாம் என்றும் கடப்பாடுடையோம். ஆயினும், ஒரு நூற்றாண்டு இடைவெளியில் ஆண்ட இரண்டு சங்கிலிகளின் செயல்கள் அந்நூலில் ஒருவன்மேலேயே ஏற்றப்பட்டன. 1926-இல் ஆங்கிலத்திலே யாழ்ப்பாணச் சரித்திரம் எழுதிய முதலியார் செ. இராசநாயகமும், 1928-இல் வைபவ விமர்சனம் எழுதிய சுவாமி ஞானப்பிரகாசரும் போர்த்துக்கேயர் குறிப்புகளோடு ஒப்பிட்டு இந்த முடிச்சை அவிழ்த்தனர். முன்னவன் 1519-இற் பட்டத்துக்கு வந்த முதலாம் சங்கிலி. பின்னவன் 1617 முதல் 1619 வரை ஆண்ட சங்கிலி குமாரன். இவனே யாழ்ப்பாண இராச்சியத்தின் கடைசி மன்னன். இவனுடைய வாழ்வைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும் முன்னவனை விட்டுப் பின்னவனை விளங்கிக்கொள்ள இயலாது.

செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் பட்டப்பெயர்களை மாறிமாறிப் புனைந்து ஆரியச்சக்கரவர்த்திகள் நல்லூரிலிருந்து ஆண்டனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருந்தவன் ஒரு பரராசசேகரன். வைபவமாலை கூறும்படி, அவனுக்குப் பட்டத்தரசி வயிற்றிலும், இரண்டாம் மனைவி வயிற்றிலும், மங்கத்தம்மாள் என்னும் காமக்கிழத்தி வயிற்றிலும் மைந்தர் இருந்தனர். மங்கத்தம்மாளின் மகனே முதலாம் சங்கிலி. பட்டத்துக்கு உரிய மூத்தவன் சிங்கவாகு நஞ்சினால் மாண்டான். அடுத்தவன் பண்டாரம் பூங்காவில் வெட்டுண்டான். வைத்தியத்தில் வல்லவனான பரநிருபசிங்கன், கண்டியரசியின் நோயைத் தீர்க்கப் போயிருந்த சமயத்தில் அது நிகழ்ந்தது. இக்கதையின் ஒவ்வொரு விவரத்துக்கும் வேறு சான்று இல்லையாயினும், ஒரே தந்தையின் மக்கள் பல தாயர் வழியாகச் சிங்காதனத்துக்கு உரிமை பேசினர் என்பது அதிலே தெளிவு. மூத்தவனா, பட்டத்தரசியின் மகனா, வலியவனா என்ற வினாவுக்கு நல்லூர் அரண்மனையில் உறுதியான விடை என்றுமே இருந்ததில்லை.

அந்த விடையின்மைக்குள்ளேதான் கடல் கடந்து வந்தவர் கால்வைத்தனர். முதலாம் சங்கிலி 1544-இல் மன்னாரிற் புதிதாகக் கிறிஸ்து சமயம் தழுவியோரைக் கொல்வித்தான். பிரான்சிஸ் சவேரியார் வாழ்ந்த அக்காலத்திலேயே, மன்னனின் உடன்பிறந்தான் ஒருவன் போர்த்துக்கேயரை அண்டி அரசுரிமை வேண்டி நின்றான். உள்நாட்டிலே தோற்ற உரிமையை அந்நியன் கையினாற் பெறலாம் என்னும் வழி அன்று திறந்தது. 1560-இற் போர்த்துக்கேயரின் இராசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு தெ பிரகன்சா பெரும் கடற்படையோடு வந்து நல்லூரைத் தாக்கினான். நாட்டைப் பிடித்துவைக்க அவனால் இயலவில்லை; ஆயினும் மன்னார் அவர்கள் வசமாயிற்று. அதன்பின் நல்லூரிலே யார் அமர்வது என்பதை மன்னார்க் கோட்டை கூர்ந்து நோக்கத் தொடங்கியது.

1591-இல் அந்திரே புர்த்தாது தெ மெந்தோன்சா படையெடுத்து வந்தான். அப்போது ஆண்ட புவிராசபண்டாரம் போரிற் கொல்லப்பட்டான். அரச குடும்பத்தைச் சேர்ந்த எதிர்மன்னசிங்கன், தானும் கொலையுண்ண வேண்டிய தறுவாயில் ஒரு போர்த்துக்கேய வீரனாற் காக்கப்பட்டான் என்பர். பின்னர் அவனையே அவர்கள் அரியணையில் இருத்தினர். பரராசசேகரன் என்ற பட்டம் பூண்டு 1617 வரை அவன் அரசாண்டான். முடி அவன் தலையில் இருந்தது. அதைக் கொடுத்த கை வேறொருவருடையது. எனினும் அவனை வெறும் பொம்மை என்று தள்ளுதல் தகாது. கண்டியரசுக்குத் தென்னிந்தியாவிலிருந்து செல்லும் உதவிகளுக்கு அவன் மறைமுகமாக வழிவிட்டான். வெளியே பணிந்தும் உள்ளே நிமிர்ந்தும் இருபத்தாறு ஆண்டுகள் ஒரு நாட்டைக் காப்பது எளிய காரியமன்று.

1617-இல் எதிர்மன்னசிங்கன் இறந்தபோது அவனுடைய மகனுக்கு மூன்று வயது. இறக்குமுன் மன்னன் தன் தம்பியாகிய அரசகேசரியைக் குழந்தையின் பாதுகாவலனாகவும் நாட்டின் பரிபாலகனாகவும் நியமித்திருந்தான். முறைப்படி எல்லாம் செய்யப்பட்டிருந்தது. ஆனால் அரண்மனையிலே மன்னனின் மருகன் ஒருவன் இருந்தான். அவனே சங்கிலி குமாரன். குழந்தை வளரும் வரையிற் பொறுத்திருக்க அவன் உடன்படவில்லை. அரசகேசரியையும், செல்வாக்குமிக்க தலைவனாகிய பெரியபிள்ளை ஆராய்ச்சியையும், அரச குருதியுடைய இளவரசரையும் கொன்று ஆட்சியைத் தன் கையில் எடுத்தான். குழந்தை மாத்திரம் உயிரோடு எஞ்சியது.

இந்த இடத்திலே தமிழாசிரியனாகிய என்னால் ஒரு கணம் நில்லாமற் போக முடியவில்லை. காளிதாசனின் இரகுவமிசத்தைத் தமிழில் காவியமாகச் செய்தவரும் நல்லூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த அரசகேசரி என்பவரே. அவர் முந்திய பரராசசேகரன் காலத்தவர் என்பாரும், எதிர்மன்னசிங்கன் காலத்தவர் என்பாரும் அறிஞருள் உளர். எதிர்மன்னசிங்கனும் பரராசசேகரன் என்ற பட்டமே பூண்டவனாதலால் இம்மயக்கம் நேர்ந்தது போலும். இரண்டாவது கருத்தே பொருந்துமாயின், கொலையுண்ட பரிபாலகனும் நமது இரகுவமிசப் புலவனும் ஒருவரே ஆவர். என் மனம் அப்பக்கமே சாய்கின்றது. அப்புலவர் நாயன்மார்கட்டுத் தாமரைக் குளக்கரையிலிருந்து அக்காவியத்தைப் பாடினார் என்று எங்கள் பக்கத்து முதியோர் கூறுவர். நீர்வேலியிலே அவர் பெயர் தாங்கிய பிள்ளையார் கோயில் இன்றும் உள்ளது.

காளிதாசனின் வடமொழி நூல் எவ்வாறு முடிகின்றது என்பதை அன்பர்கள் நினைவுகூர்தல் வேண்டும். இரகுவின் குலத்தில் வந்த அக்கினிவர்ணன் நோயால் மடிகின்றான். அவனுக்கு மைந்தன் இல்லை, அரசி கருவுற்றிருக்கின்றாள். அமைச்சர் அவளையே ஆட்சியில் அமர்த்துகின்றனர். வயிற்றிலிருக்கும் குழந்தைக்காக ஒரு நாடே காத்திருக்கின்றது. அந்நூலை ஓதி உணர்ந்த ஒருவர், மூன்று வயதுக் குழந்தையின் பொருட்டு நல்லூரைக் காத்து நின்ற நிலையில் உறவினன் வாளுக்கு இரையானார் என்றால், அது காவியத்தினும் கொடிய முடிவன்றோ?

சங்கிலி குமாரன் அதிகாரத்தைப் பெற்றான், உரிமையைப் பெறவில்லை. போர்த்துக்கேயர் அவனை மன்னன் என்று ஏற்க மறுத்தனர். உள்நாட்டிலும் அவன் செய்த கொலைகள் வெறுப்பை விளைத்தன. 1618-ஆம் ஆண்டு ஆவணி, புரட்டாசி மாதங்களில் கிறிஸ்து சமயம் தழுவிய முதலிமார் கிளர்ந்தெழுந்தனர். சங்கிலி நல்லூரை விட்டு ஊர்காவற்றுறைக்குச் சென்று ஒளித்திருக்க நேர்ந்தது. அங்கிருந்து அவன் தஞ்சை நாயக்க மன்னன் இரகுநாதனுக்குத் தூது விடுத்தான். வருணகுலத்தான் என்னும் தளபதியின் கீழ் ஐயாயிரம் வீரர் வந்தனர். கிளர்ச்சி அடங்கியது, சங்கிலி மீண்டும் நல்லூருக்கு வந்தான். கண்டியரசின் ஆதரவும் அவனுக்கு இருந்தது.

இதுவரை அவன் நடந்த வழி, குடும்பப் பகையில் வென்ற ஒருவனின் வழி. இதன்பின் அவன் நின்ற நிலை வேறு. தஞ்சையோடும் கண்டியோடும் சேர்ந்து, போர்த்துக்கேயரின் தயவில்லாத ஓர் அரசை நிறுத்த அவன் முயன்றான். எதிர்மன்னசிங்கன் மறைவாகச் செய்ததை இவன் வெளிப்படையாகச் செய்தான். இந்தத் துணிவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பாக்கு நீரிணையின் இருகரையும் ஒன்றாய் நின்றால் தங்கள் கடலாதிக்கம் சிதையும் என்பதைப் போர்த்துக்கேயரும் நன்கு உணர்ந்தனர்.

1619-இல் அவர்கள் இருமுனையாற் படை விடுத்தனர். கடல்வழி வந்த படையைக் கரையார் எதிர்த்து விரட்டினர். தரைவழியாகப் பிலிப்பு தெ ஒலிவேரா ஐயாயிரவர் கொண்ட படையோடு வந்தான். ஆனி மாதத்திலே போர் முடிந்தது. தோற்ற சங்கிலி குமாரன் கடல் கடந்து தமிழகம் செல்ல முயன்றபோது பிடிபட்டான். இரண்டு ஆண்டுகளே நீடித்த அவனுடைய ஆட்சியோடு ஆரியச்சக்கரவர்த்திகளின் இராச்சியமும் முடிந்தது.

அவனையும் அரச குடும்பத்தில் எஞ்சியோரையும் கோவாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே விசாரணை நடந்து மரணதண்டனை விதிக்கப்பட்டது. இறக்குமுன் அவன் கிறிஸ்து சமயத்தைத் தழுவினான். 1623-இல் அத்தண்டனை நிறைவேறியது. எஞ்சியோர் துறவு பூணுமாறு தூண்டப்பட்டனர். பெரும்பாலோர் அதற்கு இசைந்து, ஆடவர் துறவியராயும் பெண்டிர் கன்னியராயும் மடங்களிற் சேர்ந்தனர். எந்தக் குழந்தைக்காக அரசகேசரி நியமிக்கப்பட்டாரோ, எந்தக் குழந்தையைத் தாண்டிச் சங்கிலி அரியணைக்கு ஏறினானோ, அந்த இளவரசனும் பிரான்சிஸ்கன் துறவியரிடம் வளர்ந்து துறவியானான். நல்லூரிலே உடன்பிறந்தார் ஒருவரை ஒருவர் வாளால் வெட்டியும் தீராத அரசுரிமை வழக்கைக் கோவா மடங்கள் இரத்தம் சிந்தாமலே தீர்த்துவைத்தன. மணமின்றேல் மகவில்லை, மகவின்றேல் உரிமை கேட்பார் இல்லை.

ஆயினும் வெளியே உரிமைக் குரல் உடனே அடங்கிவிடவில்லை. இராமேசுவரத்திலிருந்த இளவரசன் ஒருவனை நல்லூரில் இருத்தத் தஞ்சை இரகுநாத நாயக்கன் மீண்டும் மீண்டும் படை விடுத்தான். யாழ்ப்பாண அரச மகளிர் இருவர் கண்டி மன்னன் செனரதனின் மாற்றாந்தாய் முறை மைந்தர்களாகிய குமாரசிங்கனுக்கும் விசயபாலனுக்கும் மனைவியராயினர். அந்த உறவையும் துணையாகக் கொண்டு கண்டிப் படையும் யாழ்ப்பாணத்துட் புகுந்து பார்த்தது. ஒன்றும் கைகூடவில்லை. 1621-இல் ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். ஆட்சியிடமும் நல்லூரை விட்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் பெயர்ந்தது. 1658-இல் ஒல்லாந்தர் வந்து போர்த்துக்கேயரைத் துரத்தியபோது, அரசைத் திருப்பித் தருக என்று கேட்க நல்லூரில் ஒருவரும் இருந்திலர்.

இவ்வரலாற்றை எண்ணும்போதெல்லாம் எங்கள் குடும்பத்திலே நடந்த ஒரு வேலி வழக்கு என் நினைவுக்கு வரும். என் பாட்டனாரும் அவருடைய தமையனாரும் எல்லையில் நின்ற ஒரு பனைக்காகக் கோடேறினர். வழக்கு பதினொரு ஆண்டு நடந்தது. பனையைப் போல் நூறு மடங்கு பணம் செலவாயிற்று. முடிவில் இருவரும் தத்தம் காணியை ஈடுவைத்து, மீட்க இயலாது இழந்தனர். அந்தப் பனை இன்று மூன்றாம் மனிதன் வளவுக்குள் நிற்கின்றது. தீர்ப்பு யார் பக்கம் ஆயிற்று என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. நல்லூர்ச் சிங்காதனத்தின் கதையும் அளவிற் பெரிதேயன்றித் தன்மையில் வேறன்று. பரநிருபசிங்கனோ, மன்னாரை அண்டியவனோ, முதலிமாரோ, சங்கிலி குமாரனோ, ஒவ்வொருவரும் தம்பக்கம் நியாயம் உண்டென்றே நம்பினர். ஒவ்வொருவரும் உறவினனை வெல்வதற்கு வெளியாரைத் துணைக்கு அழைத்தனர். சங்கிலி குமாரன் அழைத்த தஞ்சையார் நம்மவர் என்பது உண்மை; அவ்வழைப்புக்கு முன்னரே அவன் தன் வீட்டிலுள்ள துணைவரைத் தன் கையாலே அழித்துவிட்டான் என்பதும் உண்மையே.

அப்படியாயின் அவனை எவ்வாறு மதிப்பது? கொலைகாரன் என்று தள்ளுவோர் அவன் நின்ற இறுதிப் போரை மறக்கின்றனர். மாவீரன் என்று மாலை சூட்டுவோர் அரசகேசரியின் இரத்தத்தை மறக்கின்றனர். இரண்டையும் ஒருங்கே நினைப்பது மனத்துக்குக் கடினம்; அதனாலேயே நாடகத்திலும் பேச்சிலும் நமக்கு எளிதானதை மட்டும் எடுத்துக்கொண்டோம். முத்திரைச் சந்தியிலே 1974-இற் சங்கிலியனுக்குச் சிலை எழுப்பப்பட்டது. 2011-இல் அது புதுப்பிக்கப்பட்டது. அச்சிலை அங்கே நிற்றல் வேண்டும் என்பதே என் கருத்தும். அடிமைப்பட மறுத்த கடைசி அரசன் என்ற நினைவு ஒரு மக்கட்கு வேண்டியதே. அந்த மக்கள் தம் பிள்ளைகளுக்கு முழுக் கதையையும் சொல்லும் துணிவுடையராயும் இருத்தல் வேண்டும்.

இக்காலத்திலும் கடல் கடந்து ஐரோப்பாவில் வாழும் நம்மவர் சிலர் யாழ்ப்பாண அரச மரபின் வழித்தோன்றல் தாமே என்று சொல்லிக்கொள்கின்றனர். அதை மறுத்து வேறு உரிமை பேசுவோரும் உளர். வம்சாவளி எழுதுவதும் பழம்பெருமை பேணுவதும் குற்றமல்ல. ஆயினும் நானூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் அரியணைக்கு இன்றும் இரு பக்கம் உரிமை எழுவதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகின்றது. நெஞ்சில் ஒரு நோவும் உண்டாகின்றது. அரண்மனை இல்லை, திறை இல்லை, படை இல்லை. வழக்கு மாத்திரம் எஞ்சியிருக்கின்றது.

அந்த மாணவனை மறுவாரமே அழைத்து, அவன் கணக்கே சரி, நான் சொன்னது பிழை என்று வகுப்பார் முன்னிலையிற் கூறினேன். ஆசிரியத் தொழிலில் நான் செய்தவற்றுள் அது கடினமான ஒன்று. பின்னர் எண்ணி மகிழ்ந்ததும் அதையே. நாடகம் அவ்வாண்டு மேடையேறவில்லை. சங்கிலியின் வாயில் எந்தச் சொல்லை வைப்பது என்பது எனக்குப் புலப்படவில்லை. அதற்குப் பதிலாக வகுப்பில் அரசகேசரியின் இரகுவமிசத்தைப் பாடம் சொல்லத் தொடங்கினேன். புன்னாலைக்கட்டுவன் வித்துவசிரோமணி கணேசையர் உரை வகுத்த நூல் அது, கடினமான நடையுடையது. முதலிற் சலித்த பிள்ளைகள் சில வாரங்களில் தாமே பதம் பிரித்துப் பொருள் சொல்லத் துணிந்தனர்.

இப்பொழுதும் வெள்ளிக்கிழமைகளில் நான் நல்லூருக்கு நடந்தே போகின்றேன். தந்தையார் நின்ற அந்த வளைவின் எதிரே நானும் சிறிது நேரம் நிற்பதுண்டு. யமுனா ஏரியின் ப வடிவக் கற்படிகளையும் சில நாள் போய்ப் பார்ப்பேன். சிங்காதனம் எங்கே போயிற்று என்பதை ஒருவரும் அறியார். அதற்காகக் கொலையுண்ட ஒருவர் பெயரால் வழங்கும் நூலை மாத்திரம் எங்கள் பாடசாலையில் ஒவ்வோராண்டும் ஏழெட்டுப் பிள்ளைகள் தமக்கென உரிமையோடு எடுத்துக்கொள்கின்றனர். ஒருவர் எடுத்ததனால் மற்றவருக்குக் குறையாத உரிமை அது ஒன்றே.